பத்து மணிக்குத் தண்ணீர் ஏறும் என்றேன்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. யோசனைகளும் நின்றபடியேதான் வரும். பேசின் பிரிட்ஜில் ரயில் வழக்கம்போல் நகராமல் கிடந்தபோது, வாசலில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு அது உதித்தது: அக்காவைப் பெண் பார்க்க வரும் சேலத்துக்காரர்கள் கடலையே பார்த்ததில்லையாம். எண்ணூர் முகத்துவாரத்தில் படகில் அழைத்துப்போனால் என்ன?

அக்காவுக்கு மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்திருந்தது. "எதுனா சொதப்புன, உன்ன வூட்ல சேக்க மாட்டேன்" என்றாள்.

சொதப்புவேனா? நீர்மட்ட அட்டவணை ஒன்றைக் கணினியில் இறக்கினேன். வரிசைகளுக்குப் பெயர் மணி: காலை ஆறு, ஏழு, எட்டு என்று. பத்திகளுக்குப் பெயர் ஊர். புதிதாகக் கற்ற பைத்தான் நிரல்மொழியில் (கற்ற என்பது பெரிய வார்த்தை) பத்து மணியைத் தேடச் சதுர அடைப்புக்குள் 10 போட்டேன். எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் தண்ணீர் ததும்பியது.

பத்து மணிக்குக் கிளம்பினோம். நண்பன் தினேஷ் தன் மாமாவின் படகை ஓட்டினான். சற்றுத் தூரம் போனதும் படகு நின்றது.

"மாமு, சேத்துல மாட்டிகிச்சு" என்றான் தினேஷ்.

"தண்ணி ஏறிகினு கீதுடா."

"எங்க ஏறுது, உன் போன்லயா?"

மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "ஏம்ப்பா தம்பி, கடல்னா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

போனில் நிரலைத் திறந்தேன். நான் போட்ட கட்டளை பெயரைப் பார்ப்பதே இல்லை. மேலிருந்து பூஜ்யம், ஒன்று என்று எண்ணிக்கொண்டு போகும். காலை ஆறு மணிதான் அதற்குப் பூஜ்யம். அதன் 10, மாலை நான்கு. பெயரைப் பார்த்துத் தேடும் கட்டளை வேறாம். ஆறு மணி நேரம் தள்ளிப்போனால் ஏற்றம் வற்றமாகிவிடுகிறது.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். முழங்கால்வரை சேறு. அக்காவும் பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். இருவரும் தள்ளினார்கள். படகு அசையவில்லை. தள்ளுவதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள், பேசுவதை நிறுத்தவில்லை. (நான் வெயிலில் வறுபட்டது யாருக்கும் தெரியவில்லை.)

தண்ணீர் ஏறியபோது மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தம்பிய மட்டும் கல்யாண வேலையில சேக்காதீங்க."

அன்றிலிருந்து வீட்டில் நான் மணி சொன்னால், "இது உன் மணியா, ஊர் மணியா?" என்கிறார்கள்.

கல்யாண வேலையில் சேராமல் இருக்க முடியுமா? சேலத்து உறவினரை யார் யார் எந்த வண்டியில் ஏற்றுவது என்று ரகசியமாக ஓர் அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை எண்ணே கிடையாது, பெயர் சொல்லித்தான் தேடுவேன்.

மாப்பிள்ளை வீட்டில் நான்கு செந்தில்கள் இருக்கிறார்கள் என்று நேற்றுதான் தெரிந்தது.