மலைக்கு முதுகு காட்டாத மடப்பள்ளி

பாஸ்கெட் பால் ஆடுறவங்க உலகத்துல கோடிப் பேர் இருக்கலாம். ஆனா அந்தரத்துல பறக்கும்போதும் சாமிக்கு முதுகு காட்டாத ஆள் ஒருத்தர்தான். அவர் எங்க திருக்கழுக்குன்றத்து மடப்பள்ளி.

பேர் வேற ஏதோ இருந்துது. கோயில் மடப்பள்ளியில பொங்கலும் புளியோதரையும் கிண்டுறவர்ங்கறதால ஊருக்கே அவர் மடப்பள்ளிதான். நான் மட்டும் சாமின்னு கூப்பிடுவேன். பனைமரத்துல பாதி உயரம். உச்சியில சின்னதா ஒரு குடுமி. சாயங்காலமானா வேட்டியத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கினு, நான் அவிச்ச கடலை விக்கிற மைதானத்துக்கு வந்துடுவார். ஓடி வந்து எகிறி, பந்தைக் கையாலயே வளையத்துக்குள்ள அடிச்சு எறக்குவார். அதுக்கு டங்க்குன்னு பேரு. அண்டாவுல துடுப்பு போட்ட கை இல்லையா, பந்து அதுல புளியோதரை உருண்டை மாதிரி ஒட்டிக்கும். வளையம் ஆடுற ஆட்டத்துல என் கடலைத் தட்டு அதிரும்.

டீம்ல சேரணும்னு அவருக்கு உசிரு. கல்பாக்கத்துல வேலை பாக்கற பசங்க நடத்துற டீம். அதோட கேப்டன் கறாரா சொல்லிட்டான்: "அண்ணாத்த, இதெல்லாம் எல்லாரும் போடறதுதான். அந்தரத்துல திரும்பி, வளையத்துக்கு முதுகு காட்டிகினு, தலைக்குப் பின்னால போடு. அதான் ரிவர்ஸ் டங்க். போட்டா மாமல்லபுரம் மேட்ச்சுல நீ கீற. இல்லன்னா பொங்கல் மட்டும் எடுத்துகினு வா."

அங்கதான் வந்துது பேஜாரு. வளையத்துக்கு நேர் பின்னால மலை, மலை மேல கோயிலு. வளையத்துக்கு முதுகு காட்டினா சாமிக்கே காட்டின மாதிரி. நம்ம ஆளோ, நைவேத்தியம் வெச்சிட்டு சன்னதியிலேர்ந்து சாமியப் பாத்துகினே பின்னாலயே நடந்து வெளிய வர்றவர். எகிறுவார், பாதி திரும்புவார், மலை ஞாபகம் வந்துடும். அந்தரத்துலயே கன்னத்துல போட்டுக்குவார். பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு தரம் என் கடலைக் கூடையிலயே வந்து உக்காந்தார்.

"இன்னா சாமி, கடலை வேணும்னா கேட்டு வாங்கக் கூடாதா?"

"பெரியம்மா, மனசு திரும்புது, உடம்பு திரும்ப மாட்டேங்குது."

"எதிர் வளையத்துல போடேன். அங்க அந்தரத்துல திரும்பினா மலையப் பாத்த மாதிரி வருமே?"

"ஓடும்போது முதுகு காட்டணுமே!"

"வூட்டுக்குப் போகும்போது மட்டும்?"

"அது அன்னாடம் நடக்கறது. இது வேணும்னே காட்டறது."

பசங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. எதிர் வளையத்தையே வெறிச்சுப் பாத்துகினு இருந்தார். மறுநாள்லேர்ந்து பின்னாலயே ஓட ஆரம்பிச்சுட்டார். கண்ணு மலை மேல, முதுகு எதிர் வளையத்துப் பக்கம். கம்பத்துல மோதினார், மேயற எருமை மேல விழுந்தார். குடுமி அவுந்துது, முட்டி பேந்துது, மனுஷன் விடல. "இருட்டு சன்னதியில படி தடுக்காம வரேன், இங்க வராதா?"ன்னு எழுந்து மறுபடி ஓடுவார்.

ஒரு சாயங்காலம் பின்னாலயே ஓடி, பின்னாலயே எகிறி, தலைக்குப் பின்னால பந்தை எறக்கினார் பாருங்க, மைதானமே வாயப் பொளந்துது.

"அண்ணாத்த, நீ அந்தரத்துல திரும்பவே இல்லையே!" கேப்டன் தலையச் சொறிஞ்சான்.

"முதுகு வளையத்துக்குத்தானே இருந்துது?"

கேப்டன் அவரை டீம்ல சேத்துகினான்.

மாமல்லபுரத்துக்கு நானும் கூடையோட போனேன். மைதானத்துலேர்ந்து எங்க மலை தெரியல. ஆட்டம் தொடங்குற நேரத்துல மடப்பள்ளி திருதிருன்னு முழிச்சார். "பெரியம்மா, மலை எந்தப் பக்கம்?"

"மேக்கால. நான் நிக்கிற பக்கம்தான் சாமி."

என் பக்கமா ஒரு கும்பிடு போட்டுட்டு, என்னையே பாத்துகினு பின்னால ஓட ஆரம்பிச்சார். எனக்கு வெயிலு மண்டையில, கால் கடுப்பு வேற. கடலை வாங்குற கூட்டமெல்லாம் எதிர்ப்பக்க நெழல்ல. ஆனாலும் ஆட்டம் முடியற வரைக்கும் நான் அந்த எடத்தவிட்டு நகரல.