அந்தோனியாருக்குப் போட்ட மனு

சேசு மரி சூசை

ஹெதர்லி தோட்டம், மேல் டிவிஷன்,
றத்தோட்டை.
11.03.1994

என் அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் ஒஸ்வல்ட் அவர்களுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உங்கள் அக்கா சூசையம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் நீங்கலாக. அட்டனில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாக இருக்கும்படி தினமும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறேன். நிற்க.

யூனியன் ஆபிசில் இருக்கிறவர் என்ற முறையில் நீங்கள் எனக்குப் போன கடிதத்தில் புத்தி சொல்லியிருந்தீர்கள். தலைவர்மாரை நம்பினால்தான் நம்ம சனத்துக்கு விடிவு, முதலில் எம்.பி.யிடம் போய் ஒரு சிபாரிசுத் துண்டு வாங்குங்கள் என்று. என் மகள், உங்கள் மருமகள் மார்ஜரிக்கு டீச்சர் நியமனம் கிடைத்துவிட்டது என்பதை மிகுந்த சந்தோஷத்தோடு அறிவித்துக்கொள்கிறேன். அதில் எந்த எம்.பி.யின் சுண்டுவிரலும் கிடையாது என்பதை அதைவிடச் சந்தோஷத்தோடு அறிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பிள்ளை ஏ.எல். சோதனை பாஸ் பண்ணி மூன்று வருடம் வீட்டில் இருந்தாள் அல்லவா, குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பலாம் என்று மாத்தளை ஏஜென்ட் ஜைனுதீன் நானா வந்து போட்டோவும் வாங்கிப் போய்விட்டார், நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பெப்ரவரி முடிவதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார், படித்த பிள்ளை கண்காணாத தேசத்தில் யாரோ வீட்டுக் கோப்பை கழுவுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் புனித அந்தோனியாருக்கு ஒரு மனு எழுதினேன். உங்கள் அக்கா விடவில்லை. "அந்தோனியாருக்கும் எழுதுங்க, எம்.பி.க்கும் எழுதுங்க, யாரு மொதல்ல வாசிக்கிறாங்கன்னு பாப்போம்" என்றாள். முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு மனு எழுதுவது பெரிய காரியமா? இரண்டையும் எழுதி ஒரே மாதிரிக் கவரில் போட்டு ஒட்டினேன்.

இந்த வீட்டிலிருந்து எந்தக் கடிதம் போனாலும் மூன்று நாள் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் இருந்துதான் போகும் என்பது உங்கள் அக்காவின் சட்டம். விலாசத்தையும் ஆசீர்வாதம் கிடைத்த பிறகுதான் எழுத வேண்டுமாம். ஆகவே நடுத்தீர்வை நாளில் ஆண்டவர் நல்லவர்களையும் கெட்டவர்களையும் பிரிப்பது போல, அந்தோனியாருக்கு உள்ளதை வலது பக்கத்திலும் எம்.பி.க்கு உள்ளதை இடது பக்கத்திலும் வைத்தேன். சனிக்கிழமை சூசையம்மா மேசையைத் துடைத்தாள். துடைத்தவள் கவர்களைத் திரும்ப வைத்தாள். எப்படி வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை இடது பக்கத்துக் கவரில் எம்.பி.யின் விலாசத்தை எழுதித் தபாலில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் செபத்துக்கு மாத்தளைக்குப் போய், வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தி எங்களை இறக்கி ஐடென்டி கார்டு பார்த்து ஏற்றினார்கள், மற்றதைக் கோயிலில் மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன்.

அந்தப் பெட்டியில் விழுவதை ஃபாதர் நவநாளில் சத்தமாக வாசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். நாலாவதாக என்னுடையதை எடுத்தார். "எங்கள் குலவிளக்கே! உம்மையன்றி எங்களுக்குக் கதி யார்?" சனம் முழுதும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. நான் இவ்வளவு உருக்கமாக எழுதவில்லையே என்று யோசிப்பதற்குள், "போன தேர்தலில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து நூற்றுப்பதினெட்டு வாக்கு உமக்குப் போட்டோம்" என்று வாசித்துவிட்டு ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். பாதிப் பேர் அதற்கும் "வேண்டிக்கொள்ளும்" சொன்னார்கள். பெண்கள் பக்கமிருந்து, எங்கள் பக்கத்து வீட்டுச் சவரியம்மா, "அந்தோனியாரும் எலெக்சன் கேக்குறாரா?" என்று கேட்டாள். பூமி பிளக்காதா என்று பார்த்தேன், பிளக்கவில்லை.

அப்படியானால் எம்.பி.க்குப் போனது எது? நினைத்ததும் வியர்த்துவிட்டது மச்சான். "காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரே, எங்கள் எம்.பி.யைப் போன தேர்தலிலிருந்து காணவில்லை. அவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டாம். அந்த ஆளை நம்பி இருக்கும் கதி என் மகளுக்கு வராமல் பாரும்" என்று தொடங்கி, அவர் கொடுத்து நிறைவேற்றாத பதினொரு வாக்குறுதியையும் இலக்கமிட்டு எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். உங்கள் அக்கா அழுதாள். மார்ஜரி மட்டும், "ரெண்டு கடுதாசியிலயும் நா மூணு பாடமும் பாஸுன்னு ஒரு வரி எழுதலயே அப்பா" என்றாள். எழுதவில்லைதான். வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஒன்றும் எழுதவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சுரூபத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

எம்.பி.யிடமிருந்து சத்தமே இல்லை. யாராவது ஜீப்பில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று இரண்டு கிழமை பயந்து கிடந்தேன். பெப்ரவரியும் முடிந்தது, ஜைனுதீன் நானாவிடம் பத்து நாள் தவணை கேட்டேன். நேற்று முன்தினம் நியமனக் கடிதம் வந்தது! இதே தோட்டத்துப் பள்ளிக்கூடம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நான் குழந்தை மாதிரி அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன். இப்போது சொல்லுங்கள் மச்சான். எம்.பி.யைப் பகைத்துக்கொண்டவனுக்கு நியமனம் எங்கிருந்து வந்தது? ஆட்சிகள் வரும் போகும், இன்றைக்கு மாலை போட்டவனை நாளைக்குத் தேடினாலும் கிடைக்காது. ஆண்டவருக்குச் செயலாளரும் இல்லை, துண்டும் வேண்டாம். இதை உங்கள் ஆபிசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும்.

தேவதாய் உங்கள் வீட்டைத் தன் முந்தானையில் மூடிக் காக்க வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு, சின்னவனுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் பட்சமுள்ள
சி. சில்வெஸ்டர்
(ஓய்வுபெற்ற கிளாக்கர்)

பி.கு.: ஆபிசில் வாசிக்க வேண்டாம். கவரை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரர் எம்.பி.யின் செயலாளர் மகேந்திரராஜா எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார். என் மனுவை அவர் எம்.பி.க்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினாராம். எம்.பி. எழும்பி நின்று கேட்டாராம். அந்தோனியாரிடம் தன் பெயர் இப்படிப் போவதா என்று பயந்து அன்றைக்கே சிபாரிசில் கையொப்பம் வைத்தாராம். பதினொரு வாக்குறுதியில் மதகும் வாலிபால் வலையும் எம்.பி. உண்மையிலேயே செய்து கொடுத்தவையாம், அந்த இரண்டையும் வெட்டி அந்தோனியாருக்கு ஒரு திருத்தம் அனுப்பும்படி தயவாகக் கேட்டிருக்கிறார். தேர்தல் வருகிறதாம். வலை உண்மைதான், மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை திருத்தத்தைப் பெட்டியில் போட்டு எம்.பி. பெயருக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தப் போகிறேன். மேலே சுண்டுவிரல் என்று வரும் வரியை அடித்துவிட்டு வாசிக்கவும், அவர் முழுக் கையையும் போட்டிருக்கிறார். ஆனாலும் மச்சான், நான் தோற்றதாக நினைக்க வேண்டாம். எம்.பி.யே அந்தோனியாரைத்தான் நம்புகிறார் என்பதற்கு இப்போது என்னிடம் எழுத்தில் அத்தாட்சி இருக்கிறது.