கஞ்சி குடித்த வாஷ்பேசின்

நெய்வேலியில் பூமியைத் தோண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கல்லுக்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர். சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட் பிரிவில் ஃபோர்மேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் பிளாக்கில் யாருக்கும் நினைவில்லை. கஞ்சி சார் என்றால் தபால்காரர்கூட நேராக அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்திறங்கிய புதிது. ஒரு நாள் காலையில் அவர் கையில் தூக்குவாளியோடு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்று, சோறு வடித்த கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார். மனைவி பிரசவத்துக்காகச் சேலத்துப் பக்கம் பிறந்தகம் போயிருக்கிறாள், பாவம், மனுஷன் சாப்பாட்டுக்கே சிரமப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, உப்புப் போட்டு, ஊறுகாயும் வைத்துக் கொடுத்தேன். அவர் ஊறுகாயை வாங்கிக்கொண்டு கஞ்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

“உப்பு ஆகாதுங்க. கல்லுக்கு ஊத்தணும்.”

கல் என்றால் கைகழுவும் தொட்டி. குவார்ட்டர்ஸில் கம்பெனி மாட்டியிருந்த வெள்ளைப் பீங்கான் பேசினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாக்கல் தொட்டி வைக்கப் போகிறாராம். நம் வீடுகளில் குழம்பு வைக்கும் கல்சட்டி இருக்கிறதே, அதே கல்.

அதைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாடு, பெண் பார்க்கப் போகிறவர்கள் படாதது. வார லீவு வந்தால் போதும், சேலம் பஸ் ஏறிவிடுவார். கல்லை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தண்ணீர் தெளித்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறதாம். கல் காயும் வரை இவர் நகர மாட்டார், இவர் நகரும் வரை கடைக்காரர் சாப்பிடப் போக முடியாது. கடைசியில் ஒன்று தேறியது. பஸ்ஸில் அதை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, இவர் பக்கத்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்.

அப்புறம் அதைப் பழக்கும் வேலை. புதுக் கல்சட்டியை எப்படிப் பழக்குவோமோ அப்படியே, மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உடம்பெல்லாம் பூசினார். அடித்துவாரத்தைக் கார்க்கால் அடைத்து, முதலில் ஆறிய கஞ்சி, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு கொதிக்கக் கொதிக்க. அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும் என்பார். மண் போட்டுத் தேய்க்கக் கூடாது, சோப்பு காட்டக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் தெரியாத்தனமாக அதன் விளிம்பில் டீ டம்ளரை வைத்துவிட, கஞ்சி சார் ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் உண்மையான நஷ்டம் பால்காரம்மாவின் எருமைக்குத்தான். கம்மாபுரம் பக்கத்துக்காரி. எங்கள் வரிசை வீடுகளில் வடித்த கஞ்சி முழுவதும் அதுவரை அவளுடைய எருமைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வாசலில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, எருமைக்கு வெச்சிகினு இருந்த கஞ்சிய அந்தாளு கல்லுக்கு ஊத்திகினு இருக்காரு. நாளைக்கு அந்தக் கல்லு பால் கறக்குமா?”

நியாயம் கேட்க நேரே அவர் பின் வராந்தாவுக்கே போனாள். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். காய்வதற்காகத் தொட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததில் உருண்ட முதுகு மட்டும் தெரிந்தது. மேலெல்லாம் மஞ்சள், எண்ணெய்ப் பளபளப்பு, எதிரில் ஒரு குண்டான் கஞ்சி. மாதமோ ஆடி. அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் மாதம். பால்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் தொட்டிக்குக் குங்குமப் பொட்டும் அரளிப்பூ மாலையும் ஏறிவிட்டன. கஞ்சி சார் குனிந்து பார்த்தார். குங்குமத்தால் கல்லுக்குக் கெடுதல் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குவார்ட்டர்ஸைக் கவனிக்கும் அதிகாரி வந்தார். கம்பெனி பேசினைக் கழற்றிவிட்டதாக யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் எதையாவது மாற்றினால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர். கஞ்சி சார் மனைவி கைக்குழந்தையோடு திரும்பி வர இன்னும் சில நாள்தான் இருந்தது. வீடு போனால் அவளை எங்கே கூட்டிவருவார்? நானும் ஓடிப்போய்க் கஞ்சி சாருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அதிகாரி வராந்தாவில் கால் வைத்தார். தொட்டியைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார். பால்காரம்மா எங்கிருந்தோ ஓடிவந்து அவர் கையில் குங்குமம் கொடுத்தாள். பயபக்தியாக இட்டுக்கொண்டு, இது எந்த ஊர் அம்மன் என்று கேட்டார். ஏதாவது ஒரு ஊரைச் சொல்லித் தொலையேன் மனுஷா என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன்.

“அம்மன் இல்லீங்க சார். வாஷ்பேசின்.”

வெறுங்காலோடு, நெற்றியில் குங்குமத்தோடு அதிகாரி நின்றார். பழைய பேசின் எங்கே என்றார். கட்டிலுக்கடியிலிருந்து போர்வை சுற்றி எடுத்து வந்தார் கஞ்சி சார். ஒரு கீறல் இல்லை.

“இது நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கய்யா அது?”

“பீங்கான்ல ஊத்தின வெந்நீர் உடனே ஆறிடுதுங்க. கல்சட்டியில வெச்ச குழம்பு மத்தியானம் வரைக்கும் சூடா இருக்கும். குழந்தைக்குக் குளிக்க ஊத்துற தண்ணி மட்டும் ஏன் சார் ஆறணும்?”

அதிகாரி குனிந்து தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேசின் பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். குங்குமத்தை அழிக்கவில்லை. அவர் ஜீப் திரும்பிப் போன சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கஞ்சி சார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பால்காரம்மா மட்டும், அம்மன் இல்லையென்றால் நாளையிலிருந்து கஞ்சி எருமைக்கு என்று கறாராகச் சொன்னாள். அப்படிச் சொன்னவள் போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டியை ஒரு தரம் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

குழந்தை வந்தது. பேசின் இருந்த இடத்தில் பொருத்திய கல்தொட்டியில் அதைக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டுத் தூங்க வைத்த பிறகு கஞ்சி சார் என்னைக் கூப்பிட்டுத் தொட்டியில் மீந்திருந்த தண்ணீரில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. அந்த மனுஷனைப் பார்த்து அத்தனை நாள் சிரித்த எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் குக்கர். என்றைக்காவது பானையில் வடித்தால் கஞ்சியைக் கீழே கொட்ட மனம் வருவதில்லை. உப்புப் போடாமல் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.