ஆடி பன்னிரண்டாம் தேதி வராத கடல்

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது உப்புக் கரிக்கும். அதையும் நான் வாயில் விட்டுப் பார்த்ததில்லை, பிறர் சொல்லிக் கேள்வி. பம்பாயில் பிறந்து மாட்டுங்காவில் வளர்ந்தவள்தான். ஆனாலும் மாட்டுங்காவில் கடல் ஏது? மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் மட்டும் தேங்குகிற தண்ணீரைக் கடல் என்று யாராவது ஒப்புக்கொண்டால் எனக்கும் கடல் அனுபவம் உண்டு.

இப்படிப்பட்ட நான் அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் கடல் நிலவரம் கணித்து, டைப் அடித்து, கம்பெனி முத்திரை குத்தி, ஓர் ஆஸ்திரேலியர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று இன்றுவரை கேட்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. வேலை நிரந்தரமாகாதவள் வாயில் ‘தெரியாது’ என்ற வார்த்தை வராது. அவ்வளவுதான்.

கோட்டைப் பகுதியில், வெளிநாட்டு இயந்திரங்களை வரவழைத்து விற்கும் கம்பெனி ஒன்றில் நான் தற்காலிக ஸ்டெனோ. மூன்று மாதம் வேலை, ஒருநாள் வீட்டில் இரு, மறுபடி மூன்று மாதம். இந்தக் கூத்து இரண்டு வருஷமாக நடந்தது. அப்பாவுக்குக் கண் மங்கி, வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி பள்ளிக்கூடத்தில். அந்த ‘ஒருநாள் வீட்டில் இரு’ வரும்போதெல்லாம், நாளைக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வீடே என் ஷார்ட்ஹேண்ட் நோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜரின் மேஜை இழுப்பறையில் கையெழுத்தாகாமல் கிடந்தது எனக்குத் தெரியும். (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஸ்டெனோவுக்கு எல்லாம் தெரியும், கடலைத் தவிர.)

மேனேஜர் வைத்தியநாதன் செம்பூர்வாசி. நம் மனிதர். நல்லவர். ஆனால் வெள்ளைத்தோலைக் கண்டால் அவருக்கு முதுகெலும்பு இளகிவிடும். அந்த ஜூலையில் புது இயந்திரம் ஒன்றைப் பூட்டிக் கொடுக்க சிட்னியிலிருந்து பீட்டர் என்ற இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். இயந்திரப் பெட்டிகளோடு ஒன்பதடி நீளத்தில் ஒரு பலகையும் கப்பலில் வந்து இறங்கியது. இஸ்திரிப் பலகையை இழுத்து நீட்டினாற்போல் இருந்தது. அதன்மேல் ஏறி நின்றுகொண்டு அலையில் சறுக்கிவருவாராம். அதுவும் மணல் கரையில் இல்லை, பாறைமேல் பெரிய அலை வந்து உடையும் இடத்தில்தான் சுகமாம். வொர்லிப் பக்கம் அப்படி ஓர் இடத்தை டாக்ஸியில் போகும்போது பார்த்து வைத்திருந்தார்.

“எனக்கு ஒரு தாள் போதும். காற்று, அலை, தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம். எங்கள் ஊரில் எல்லாரிடமும் இருக்கும்” என்றார் பீட்டர்.

மேனேஜர் ஆபீஸ் நடுவில் வந்து நின்று, “சமுத்திரம் பத்தி யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். நிரந்தரமானவர்கள் அத்தனை பேரும் லெட்ஜருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். தலை கவிழ்க்கும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை.

“ராஜம், நீ பாத்துக்கறியா?”

“சரி சார்.”

“வானிலை ஆபீஸுக்கு நான் போன் பண்ணினேன். ‘கடல் கொந்தளிப்பு, பலத்த மழை’ங்கறான். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அதையேதான் சொல்லுவான். நீ கொஞ்சம் விவரமா எழுது. அவர் ரிப்போர்ட்லதாம்மா என் பிரமோஷன் இருக்கு. உன் லெட்டரும் இருக்கு, தெரியுமோல்லியோ?”

தெரியும் சார்.

காற்றுக்கு மொட்டைமாடியில் ஏறி விரலை நக்கி நீட்டினேன். அலையின் உயரத்துக்கு, நடுத்தரமாக இருக்கட்டும் என்று எட்டடி போட்டேன். ஏற்ற இறக்க நேரம்தான் பிடிபடவில்லை. அப்போது எனக்குக் கைகொடுத்தவர் பியூன் பாண்டுரங். வொர்லி கோளிவாடாவில் மீனவர் குடும்பம். ஐம்பது வயதிருக்கும்.

“இதுக்கா பாயி முகத்தை இப்படி வெச்சிருக்கே?” என்றார். (அவர் பேசியது பம்பாய் இந்தி; பெண்களை ‘பாயி’ என்பார். அதன் அழகு தமிழில் வராது.) “மாசத்துல எத்தனாவது நாளோ அதை மூணால பெருக்கு, நாலால வகு. வர்றதுதான் ‘பர்தி’, தண்ணி முழுசா ஏறி நிக்கிற நேரம். அதுலேர்ந்து ஆறு மணி நேரம் தள்ளினா முழுசா இறங்கியிருக்கும். பதினஞ்சாவது நாள் தாண்டினா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணு. எங்கப்பன் காலத்துலேர்ந்து இதான் கணக்கு. இங்கிலீஷ் தேதியைப் போட்டுடாதே.”

நானாவது இங்கிலீஷ் தேதியைப் போடுவதாவது. அந்தத் தேதி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, இந்தியக் கடல் அதற்கு எப்படிக் கட்டுப்படும்? இந்த அளவுக்கு எனக்கு ஞானம் இருந்தது. வீட்டுக்குப் போனதும் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆடி பன்னிரண்டு. பன்னிரண்டு மூணு முப்பத்தாறு. நாலால் வகுத்தால் ஒன்பது. காலை ஒன்பதுக்கு ஏற்றம் முழுமை, அதன்பின் மெல்ல இறக்கம், மூன்று மணிக்குப் பாறை தெரியும். இவ்வளவு சுலபமான கணக்குக்கா கப்பல்காரர்கள் படிப்பெல்லாம் படிக்கிறார்கள் என்று அவர்கள்மேல் எனக்கு இரக்கமே வந்தது.

திங்கள் முதல் சனிவரை உழைப்பவளுக்கு ஞாயிறன்று கடற்கரையில் டியூட்டி. மேனேஜர், அவர் மனைவி, பாண்டுரங், நான் நான்கு பேரும் எட்டே முக்காலுக்கு வொர்லி கரையில் இருந்தோம். மாமி மடக்கு நாற்காலிகள், பிளாஸ்கில் காபி, தூக்கு நிறைய ரவா உப்புமா எல்லாம் கொண்டுவந்திருந்தார். பட்டுப்புடவை வேறு. மழை விட்டிருந்தது. பீட்டர் அரை நிஜாரில் பலகையோடு டாக்ஸியிலிருந்து இறங்கினார். எல்லாரும் கடலைப் பார்த்துத் திரும்பினோம்.

கடல் இல்லை.

எங்கேயோ தூரத்தில் வெள்ளையாகக் குமுறிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் பாசி பிடித்த கறுப்புப் பாறை, கண்ணுக்கெட்டிய மட்டும். அந்தப் பாறையில் ஆளுக்கொரு டப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது முப்பது பேர் கடலைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள். பம்பாயில் தண்ணீர் இறங்கிய பாறை காலையில் எதற்குப் பயன்படும் என்பதை அந்தத் தாளில் நான் குறிப்பிட்டிருக்கவில்லை. மாமி நாற்காலியைத் திருப்பி, ரோட்டைப் பார்க்கப் போட்டுக்கொண்டார்.

“என்னம்மா இது?” என்றார் மேனேஜர், தாளைக் காட்டி.

“இன்னிக்கு... கொஞ்சம் லேட்டா வரும் சார்” என்றேன். ஹார்பர் லைன் ரயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

பீட்டர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். தாளை வாங்கிப் படித்தார். ஒன்பதுக்கு மேல் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும் என்று முத்திரையோடு எழுதியிருந்தது. ஏறி நிற்கும்போதே இவ்வளவுதான் என்றால் இனி குறையத்தானே போகிறது, பாறை விளிம்புவரை நடந்துபோய் அங்கிருந்து அலையைப் பிடிக்கலாம், திரும்பி வரவும் காய்ந்த வழி இருக்கும் என்று எங்களுக்கு விளக்கினார். அவர் ஊரில் தாள் பொய் சொல்லாது போலிருக்கிறது. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, குந்தியிருந்தவர்களுக்கு நடுவே ‘குட் மார்னிங்’ சொல்லிக்கொண்டே போனார். அவர்களில் இரண்டொருவர் சலாம் வைத்தார்கள்.

விளிம்பில் ஒரு பாறைமேல் அவர் உட்கார்ந்து, நல்ல அலைக்குக் காத்திருப்பது சிறிதாகத் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. குந்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கரைக்கு வந்துவிட்டார்கள். மாமி எனக்கு உப்புமா வைத்துக் கொடுத்தார். நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “சாருக்கு?” என்றேன்.

“எனக்கு வேண்டாம். இன்னிக்கு சங்கடஹர சதுர்த்தி. சந்திரனைப் பாத்துட்டுத்தான் சாப்பாடு” என்றார் அவர்.

வாயில் போட்ட உப்புமா அங்கேயே நின்றது. சதுர்த்தி. காலையில் எங்கள் வீட்டிலும் அம்மா அதே விரதம்தான், எனக்கு மட்டும் காபி கலந்து கொடுத்தாள். பௌர்ணமி கழிந்து நாலாம் நாள். பாண்டுரங்கின் மாதம் நிலா பார்த்து எண்ணுகிற மாதம். மராத்திக்காரர்களுக்கு எல்லா மாதமும் அப்படித்தான். நான் சூரியனைப் பார்த்து எண்ணுகிற ஆடியைப் போட்டிருக்கிறேன். நாலு மூணு பன்னிரண்டு. நாலால் வகுத்தால் மூணு. ஏற்றம் மத்தியானம் மூணு மணிக்கு. இப்போது தண்ணீர் இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். பீட்டருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் பளபளத்தது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கணத்தில் முதலில் என் நினைவுக்கு வந்தது பீட்டரில்லை, இழுப்பறைக் கடிதம்தான். பேசாமல் இருந்தால் என்ன, அவருக்கே தெரியாதா, நீந்தத் தெரிந்தவர்தானே என்றெல்லாம் ஓடியது. ஒரு வாய் உப்புமாவை விழுங்குகிற நேரம் அப்படி நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“சார், நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்” என்றேன்.

“என்ன கணக்கு?”

“ஆடித் தேதியை வெச்சுப் போட்டுட்டேன் சார். திதியை வெச்சுப் போட்டிருக்கணும். தண்ணி ஏறிண்டிருக்கு. அவரால திரும்பி வர முடியாது.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். தாளில் இருந்ததை அறியாமல், தண்ணீர் ஏறுமுன் துரை திரும்பிவிடுவார் என்று இதுவரை நம்பியிருந்த பாண்டுரங் அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோளிவாடா பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். கயிற்றோடு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்கள் பீட்டரிடம் போய்ச் சேரும்போது பெரிய அலை ஒன்று வந்து அவரைப் பாறையிலிருந்து உருட்டிவிட்டது. பலகையை அது தூக்கி, பாறையில் மூன்று முறை அறைந்து இரண்டாக்கியது. நான் எழுதிய எட்டடி உயரம் மட்டும் சரியாக இருந்ததாகப் பிற்பாடு பாண்டுரங் சொன்னார்.

முழங்கால் இரண்டும் பாறைச் சிப்பியில் கிழிந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீட்டர் கரை சேர்ந்தார். மாமி அவருக்குத் தன் புது டர்க்கி டவலைப் போர்த்திவிட்டார். நான் மறுபடி என் தவற்றை இங்கிலீஷில் சொன்னேன், தப்பான மாதத்தைப் போட்டுவிட்டேன் என்று.

அவர் நடுங்கிக்கொண்டே கேட்டார்: “உங்களிடம் எத்தனை மாதங்கள்தான் இருக்கின்றன?”

“நிறைய” என்றார் மேனேஜர் களைப்போடு.

காபி டம்ளர்களைச் சுற்றி எடுத்துவந்த அன்றைய இங்கிலீஷ் பேப்பரை மாமி பிரித்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு மூலையில் பொடி எழுத்தில், பம்பாய்க் கடல் ஏற்றம் இறக்கம், மணி நிமிஷம் சுத்தமாக அச்சாகியிருந்தது. தினமும் வருமாம். மேனேஜர் அதைப் படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தினமும் அந்தப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர் அவர்.

வீட்டுக்கு வந்தேன். “எப்படி ஆச்சுடி?” என்றாள் அம்மா.

“சமுத்திரம் வரலை.”

“அது எங்கேடி போகும்?” என்றார் அப்பா.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “கார்த்தாலேர்ந்து பட்டினி கிடக்கேன். என்ன திதின்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அன்று இரண்டு வேளையும் நான் சாப்பிடவில்லை. அம்மாவின் விரதத்தோடு என்னுடையதும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். “நோட்டை எடுத்துக்கோ, டிக்டேஷன்.” என்னை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை என்னிடமே சொல்லி எழுதவைக்கப் போகிறார் என்று உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, என் பணிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டிய குறிப்பை இங்கிலீஷில் சொன்னார். இரண்டே வாக்கியம். “தன் தவற்றைத் தானே முன்வந்து சொல்வார், நம்பலாம். கடல் தொடர்பான எதையும் இவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.”

“மூணு காப்பி எடு” என்று சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தார். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் பிரமோஷன் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர் அந்த நாற்காலியிலேயே ரிடையர் ஆனார் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் குறிப்பு முப்பது வருஷம் என் கூடவே வந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு மேனேஜரும் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இயந்திரக் கம்பெனி ஸ்டெனோவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கூப்பிட்டுக் கேட்பார். நானும் ஆடி மாதத்திலிருந்து ஆரம்பிப்பேன். பிரிவுபசார விழாவில் மைக்கில் வாசித்தார்கள், கூடம் அதிரச் சிரிப்பு. என் பெண்களுக்கு மனப்பாடம். மீன் தொட்டி வாங்குவது முதல் கோவாவுக்கு டிக்கெட் எடுப்பது வரை, “அம்மாகிட்ட ஒப்படைக்க வேண்டாம்” என்பார்கள். மாப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பேத்தி இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள், அவளுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைக்கில் வாசித்தபோதும் சரி, வீட்டில் சொல்லும்போதும் சரி, எல்லாரும் இரண்டாவது வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். முதல் வாக்கியத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, அதனால் யாரும் சொல்வதில்லை. நானும் இத்தனை வருஷம் சொல்லாமல்தான் இருந்தேன்.