தராசுக்குள் நுழையாத பொதி

"சார், இன்னும் பெருசாயிடுச்சு" என்றார் புரோகிராமர்.

"என்னய்யா இது? சுமையை இறக்குன்னு சொன்னா ஏத்திக்கிட்டே போறே!" என்றார் மேனேஜர்.

விஷயம் சின்னதுதான். கடையில் சாமான் நிறுக்கும் மின்தராசுக்கு ஒரு மென்பொருள். தராசின் மெமரிக்குள் அது அடங்க வேண்டும், அடங்கவில்லை. காரணம், எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர். மென்பொருளைக் கட்டி முடித்தபின் கம்பைலருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனால் மென்பொருளுக்குள் ஏதோ ஒரு மூலையில் அதன் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தராசுக்கு அனுப்பும் கருவியோ லேசுப்பட்டதல்ல. ஃபோல்டரில் கிடப்பதையெல்லாம் அள்ளும். அதற்குள் யார் முகவரியைக் கண்டாலும் அந்த ஆளையும் கையோடு கூட்டிவந்துவிடும். ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால் குடும்பமே வந்து உட்கார்ந்த மாதிரி.

முகவரியை அழித்தால் தீர்ந்தது. தீர்ந்தாக வேண்டும். ஆறு மணிக்குப் புரோகிராமரின் மகள் பள்ளி நாடகத்தில் முதல் தடவையாக மேடை ஏறுகிறாள். மரமாக நிற்கும் வேடம்தான். ஆனால் அப்பா முன்வரிசையில் இல்லையென்றால் அழுதுவிடுவேன் என்று மரமே சொல்லியிருந்தது. மேனேஜரோ, தராசுக்குள் பொதி நுழையாமல் நீ வெளியே காலெடுத்து வைக்காதே என்றுவிட்டார்.

புரோகிராமர் நிதானமான ஆள். எதற்கும் இருக்கட்டும் என்று மென்பொருளை அதே ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, முகவரியை அழித்தார். பொதி கட்டினார். அதுதான் பெரிதாகியிருந்தது.

"கையேடு எதுக்குய்யா உள்ள? அதைத் தூக்கு."

அதற்கு முன்னும் மென்பொருள் முழுவதையும் அங்கேயே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் தூக்கினார். பொதி இன்னும் பெருத்தது.

"சோதனை பண்ற கருவிங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"நம்ம கம்பெனி படம்?"

"அதையுமா சார்?"

"எடுய்யா! யாரு தராசுல நம்ம மூஞ்சியப் பாக்கப் போறா?"

மனசே இல்லாமல் எடுத்தார். வழக்கப்படி அதற்கு முன் ஒரு நகல். இப்போது பொதி, ஆரம்பித்த இடத்திலிருந்து மூன்று மடங்காகிவிட்டது.

"எடுக்க எடுக்க ஊதுதே! கணக்கே உதைக்குதேய்யா!" மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். புரோகிராமருக்கு அழுகை வரும்போல இருந்தது.

போன் அடித்தது. மனைவி. புரோகிராமர் அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"என்னங்க, மரம் பச்சை பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ரெடி. நீங்க கிளம்பிட்டீங்களா?"

"எங்கம்மா கிளம்பறது? தேவையில்லாததை எல்லாம் ஒண்ணுவிடாம தூக்கிப் போட்டுட்டேன். குறையவே மாட்டேங்குது!"

"நீங்களா? தூக்கிப் போட்டீங்களா?" மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அலமாரியக் காலி பண்றேன்னு எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளுன ஆளுதானே? அங்க தூக்கிப் போட்டதையெல்லாம் எங்க எடுத்து வெச்சிருக்கீங்க?"