பாண்டிருப்பு வரைக்கும் ஒரு வாய்ப்பன்

கிளினிக்கால் வந்த நளீம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குள் போனார். சீனிப் போத்தலைத் தூக்கினார். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்தார். திரும்பி வந்து கைகளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ள, இண்டையிலிரிந்து இந்த ஊட்ட சீனி இல்ல, சோறு இல்ல, எண்ணெ இல்ல!"

மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சிபானா நிமிர்ந்தாள். "நான் இரிக்கலாமா?"

"பகிடி விடாத. டொக்டர் சொல்லிட்டா, சீனி கூடிட்டாம்."

"எவ்வளவு கூட?"

"கொஞ்சம்."

"அப்ப கொஞ்சம் கொறைங்களன் மச்சான். தேத்தண்ணிக்கு அரைக்கரண்டி போடுவம். சோத்துல ஒரு அகப்பையக் கொறைச்சிட்டுக் கீரைய கூட்டிப் போடுறன். விடிய எழும்பிக் கொஞ்சம் நடங்க."

நளீமுக்குச் சிரிப்பு வந்தது. "அரைக்கரண்டியா? நான் என்ன அரை மனிசனா? செஞ்சா முழுசாச் செய்யணும், இல்லாட்டிச் செய்யப்படாது!"

சிபானா பாலர் வகுப்பு டீச்சர். எழுத மாட்டேன் என்று நிலத்தில் புரளும் பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவள். அதே பார்வையால் புருசனை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மீனை ஆயத் தொடங்கினாள்.

நளீமின் வீரத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. சீனி வருத்தத்தில் அவருடைய வாப்பாவுக்கு ஒரு கால் போயிருந்தது. கதிரையில் இருந்த வாப்பாவின் சாறன் ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்கியதைப் பற்றி அவர் யாரோடும் கதைப்பதில்லை. கல்முனை பசாரில் சாறன் கடை வைத்திருப்பவருக்கு அதை மறக்கவும் வழியில்லை.

அடுத்த நாள் காலை குரக்கன் புட்டு. பகல் பாவற்காய்ச் சாறு. இரவு கறிவேப்பிலைக் கஞ்சி. அதற்கடுத்த நாள் கடைக்கு வந்த ஒருவருக்குச் சாறனைக் காட்டும்போது, அதன் கட்டங்கள் எல்லாம் நளீமின் கண்ணுக்கு வெட்டி அடுக்கிய தொதல் இனிப்புத் துண்டுகளாகத் தெரிந்தன.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டார்.

"எங்க மச்சான்?"

"நடக்கப் போறன். ஒடம்ப பாக்கணுமில்லையா?"

தெருமுனைத் தேத்தண்ணிக் கடை வரை நடந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், வாழைப்பழமும் மாவும் பிசைந்து எண்ணெயில் பொரித்த வாய்ப்பன்கள் சூட்டோடு பொன்னிறமாக மினுங்கின. வாய்க்குள் போவதற்கென்றே பிறந்தபடியால்தானே அதற்கு வாய்ப்பன் என்று பெயர். கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை.

அன்று பின்னேரம் சிபானா பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியபடி ஒரு கதை சொன்னாள். "எண்ட சாச்சாட மகன் அஸ்கி இரிக்கானெல்லுவா, அவன் இனி ஒவ்வொரு நாளும் விடிய அந்த முனைக் கடையிலதான் தேத்தண்ணி குடிப்பானாம்."

"நல்ல விசயம்" என்றார் நளீம்.

அடுத்த நாள் முனைக் கடையைத் திரும்பிப் பாராமல் தாண்டி, பெரிய பள்ளிவாசலுக்கு அப்பாலுள்ள கடைக்கு நடந்தார். அங்கேயும் கொஞ்ச நாள்தான். "அந்தக் கடைக்காரர்ர பொஞ்சாதி நல்ல மனிசி கா" என்று சிபானா ஃபோனில் யாருக்கோ சொல்வது அவர் காதில் விழுந்தது. "இப்ப நானும் அவவும் ஒரே சீட்டுலதான் காசு கட்டுறம்."

மருதமுனை முழுக்க மனைவியின் சொந்தமும் சிநேகிதமும் நிறைந்திருப்பது நளீமுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊருக்குள் ஒரு வாய்ப்பனை நிம்மதியாகக் கடிக்க இடமில்லை. ஊரைத் தாண்ட வேண்டியதுதான்.

கடற்கரை மணலால் தெற்கே நடந்து பாண்டிருப்புக்குப் போனார். கோயில் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் தம்பிமுத்து என்ற பெரியவர் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அங்கே சிபானாவின் சாச்சாவும் இல்லை, சாச்சாவின் மகனும் இல்லை.

"வாங்க நானா" என்றார் தம்பிமுத்து. "பிளேன்டீயா?"

"ஓம். வாய்ப்பன் ஒண்டும்."

முதல் நாள் வாய்ப்பன் கையை நிறைத்தது. போகப்போகச் சின்னதானது. நாட்டு நிலைமை வாய்ப்பனையும் விட்டுவைக்கவில்லையே என்று தம்பிமுத்துவுக்காக அனுதாபப்பட்டுக்கொண்டு நளீம் சாப்பிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது மூச்சு வாங்கும். வீட்டிலோ சோறு மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்தது, ஓர் அகப்பை குறைவாக, கீரைச் சுண்டல் கூடுதலாக. தாம் செய்யும் களவை நினைத்து நளீம் அதைத் தட்டிக் கேட்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று, தின்ற வாய்ப்பன்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனார். டொக்டர் றிப்போட்டைப் பார்த்தார். நளீமைப் பார்த்தார். திரும்பவும் றிப்போட்டைப் பார்த்தார்.

"நல்லாக் கொறைஞ்சிருக்கே! நிறையும் கொறைஞ்சிருக்கு. என்ன செய்றீங்க?"

வாய்ப்பன் தின்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "சும்மா, கட்டுப்பாடுதான்" என்றார்.

அன்று முதல் நளீமுக்கு வியாபாரத்தில் கவனம் நிற்கவில்லை. இது எப்படி நடந்தது? வாய்ப்பனுக்குள் ஏதும் மருந்து இருக்குமோ? வாழைப்பழத்தின் குணமா? உப்புக் காற்றா? பாண்டிருப்புத் தண்ணீரா? களவாகத் தின்றால் உடம்பில் சேராதோ? ஒரு நாள் வாய்ப்பனை இரண்டாகப் பிய்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, முகர்ந்தும் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் தம்முடைய வாய்ப்பனை மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

விடை ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அன்று தம்பிமுத்து எங்கோ கலியாணத்துக்குப் போயிருக்க, கடையில் அவருடைய மகள் நின்றாள். அவள் தந்த பிளேன்டீயை ஒரு மிடறு குடித்த நளீமின் முகம் சுருங்கியது.

"என்ன தங்கச்சி இது? சீனிப்பாணி மாதிரி இரிக்கு! எத்தின கரண்டி போட்ட?"

"எல்லாருக்கும் போடுற அளவுதான் நானா." சொல்லிவிட்டு அவரை உற்றுப் பார்த்தவள் தலையில் கை வைத்தாள். "ஐயோ, நீங்க மருதமுனை நளீம் நானாவா? சீனி அரைக்கரண்டி, வாய்ப்பன் சின்னன் எண்டு அப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனவர், மறந்துபோனன்!"

"ஆரு சொன்ன அப்பிடி?"

"உங்கட சிபானா டீச்சர்தான். நானும் அவவும் ஒரே ஸ்கூல்லதானே படிப்பிக்கிறம். நீங்க எப்பிடியும் இஞ்ச வந்து சேருவீங்க எண்டு முதலே சொன்னவ."

நளீம் கடற்கரையால் திரும்பி வந்த வேகத்தில் மணல் பறந்தது. சிபானா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்!" என்றார் வாசலிலேயே நின்று. அது அவள் தம்மிடம் சொல்ல வேண்டிய வசனம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"எனக்கும் தெரியும்" என்றாள் சிபானா. "முதல் நாளே ஒங்கட சேர்ட்டுல வாய்ப்பன் எண்ணெ."

"அப்ப அஸ்கி?"

"அவன் எட்டு மணிக்கு முந்தி எழும்பிறவனா?"

"சீட்டு?"

"ஒரு சீட்டும் இல்ல."

நளீம் படிக்கட்டில் இருந்துவிட்டார். "ஏன் புள்ள, நேராச் சொல்லியிரிக்கலாமே?"

"நேரா சொன்னன்தானே. அரைக்கரண்டி எண்டன், ஒங்களுக்குச் சிரிப்பு வந்த. நடங்க எண்டா முனைக் கடை வரைக்கும்தான் நடந்தீங்க. ஒளிக்கணும் எண்டா பாண்டிருப்பு வரைக்கும் நடக்கிறீங்க." விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள். குரல் இறங்கியது. "எனக்கு ஒங்கட காலு ரெண்டும் வேணும் மச்சான்."

நளீம் தம்முடைய கால்களைப் பார்த்தார். பாதம் முழுக்கக் கடல் மணல். குனிந்து அதைத் தட்டிவிட்டார்.

கடைசியில் தொண்டையைச் செருமினார். "சரி. இனி எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி எப்பிடி ஒளிக்கிற?"

"ஒங்களுக்குத் தெரியும் எண்டு ஆருக்கும் சொல்லாதீங்க" என்றாள் சிபானா.

ஆனாலும் நளீம் ஆம்பிளை. அவளுடைய திட்டத்தில் இனி நடப்பதில்லை, சொந்தத் திட்டத்தில் மட்டுமே நடப்பது என்று முடிவெடுத்தார். மறுநாள் விடியுமுன் எழும்பினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டார். மூச்சை அடக்கி, கொண்டியைச் சத்தமில்லாமல் நீக்கி, விரல் நுனியில் வாசலைத் தாண்டினார்.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான், ஒளிச்சுப் போகக்குள்ள குடைய எடுத்துட்டுப் போங்க. மழை இருட்டிக்கிட்டு நிக்கிது."