மதாம் சுட்ட ரொட்டியில் கடிபட்ட கல்

புஜைரா,
8.1.2007

மரியாதைக்குரிய மாமா செல்வசிங் அவர்களுக்கு, மருமகன் கிளிட்டஸ் பணிவோடு எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும் சுபிஷாவும், நான் இன்னும் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கும் என் மகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். ஞானஸ்நானத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இன்னொரு தடவை தள்ளினால் பிள்ளை தானே நடந்து கோவிலுக்குப் போய்விடும் என்று போனில் ஏசினீர்கள். நியாயம்தான் மாமா. இந்தத் தடவை 21ஆம் தேதி உறுதி. அது உறுதியான கதையைக் கேளுங்கள்.

எங்கள் எஞ்சினியர் லூசியன் சார் பிரான்சில் ஒரு சின்னக் கிராமத்துக்காரர். குளிர் இல்லாமல் பண்டிகை ருசிக்காது என்று, டிசம்பரில் வீட்டு ஏசியைப் பதினாறில் வைக்க என்னைக் கூப்பிட்டார். சாரும் அவர் மனைவி மதாமும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து, சுட்ட கொட்டைகளை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரில் டிசம்பர் தொடக்கத்திலேயே தட்டில் கோதுமை முளைக்கப் போடுவார்களாம். கிறிஸ்துமஸுக்குப் பதிமூன்று இனிப்பு. பாதாம், உலர்ந்த அத்தி, திராட்சை என்று ஒன்று விடாமல் ருசி பார்க்க வேண்டுமாம். நான் இரண்டு சுற்று பார்த்தேன். என்ன ஒழுங்கு, என்ன பக்தி. நாமெல்லாம் ஒரு கேக்கோடு முடித்துக்கொள்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் வரச் சொன்னார்கள். லீவு கேட்க இதுதான் சமயம் என்று ரூம்காரன் டெனிஷையும் கூட்டிக்கொண்டு போனேன். மதாம் வளையம் போல ஒரு ரொட்டி சுட்டிருந்தார், மேலே பாகில் ஊறிய பழங்கள். கூட்டத்தில் இளையவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டுமாம். இளையவன் டெனிஷ்தான். இருபத்தாறு வயசுத் தடியன் உள்ளே புகுந்து பேர் பேராகக் கூப்பிட்டான். இரண்டாவது கடியிலேயே என் பல்லில் நறுக்கென்று கல். பாவம், மதாம் எவ்வளவு பாடுபட்டுச் சுட்டது. குனிந்து டெனிஷிடம் கேட்டேன்.

"லேய், வெளிய எடுத்திராத. அந்தம்மா சங்கடப்படும். அப்படியே முழுங்கிரு" என்றான்.

முழுங்கத்தான் பார்த்தேன், தொண்டைக்குள் போகவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தேன். அங்கே எல்லோரும் துண்டைப் பிய்த்துப் பிய்த்து எதையோ தேடுகிறார்கள். மதாம் முகம் வாடிவிட்டது. கடைசியில் லூசியன் சார் என் வீங்கின கன்னத்தைப் பார்த்தார். துப்பினேன் மாமா. பீங்கானில் சின்ன ஆட்டுக்குட்டி. அதை வேண்டுமென்றே உள்ளே வைத்துச் சுடுவார்களாம். கிடைத்தவன்தான் அன்றைக்கு ராஜா. என் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக் கை தட்டினார்கள். "ராஜா என்ன கட்டளையிடுகிறார்?" என்று சார் கேட்டதும், எட்டு மாசப் பிள்ளையை இன்னும் தூக்கவில்லை, லீவு வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சார் உள்ளே போய்க் கையெழுத்தோடு தாளைக் கொண்டுவந்தார். மனுஷன் என்றால் அவர்தான்.

ஆகவே கார்டு அடிக்கக் கொடுத்துவிடுங்கள். அத்தைக்கு என் அன்பு, மகளுக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்
கிளிட்டஸ்

பி.கு.: கார்டு அடிக்க வேண்டாம். கவரை ஒட்டும்போது சார் போன் செய்தார். ராஜாவானவன் அதே கூட்டத்துக்குத் திரும்ப ரொட்டி விருந்து வைக்க வேண்டுமாம், மாசம் முடிவதற்குள். அவர்கள் கிராமத்தில் யாரும் தவறியதில்லையாம். எல்லோரும் சேர வசதியான நாள் 21 சாயங்காலம்தானாம். லீவு 22இல்தான் தொடங்கும் என்று மாற்றிவிட்டார். அந்தத் தாளில் போன வியாழக்கிழமையே, நான் கேட்குமுன்பே, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாராம். டெனிஷ் சொன்னபடி முழுங்கியிருந்தால் 21க்கு ஊருக்கு வந்திருப்பேன் மாமா. சுபிஷாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.